மேரியோவின் கடிகாரமும் உங்கள் ரிக்கார்டு நோட்டும்

மாணவ நண்பர்களே, ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். நீங்கள் கிரிவலம் வந்திருக்கிறீர்களா? திருவண்ணாமலையில் மலையைச் சுற்றிவரும் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். கோயிலின் முன் புறப்படுகிறவர், மலைக்குப் பின்புறம் இருக்கும் எங்கள் அடி அண்ணாமலையைக் கடந்து, மீண்டும் அதே கோயிலின் முன் வந்து நிற்பார். கடந்த தொலைவு 14 கிலோமீட்டர், இடப்பெயர்ச்சியோ சுழி! இந்த எடுத்துக்காட்டை வகுப்பில் சொல்லாத இயற்பியல் ஆசிரியர் எங்கள் வட்டாரத்தில் இருக்க மாட்டார். நிறைமாதக் கர்ப்பிணி நடப்பதுபோல் மெல்ல நடந்து வலம் வர வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். எவ்வளவு நேரத்தில் முடித்தாய் என்று எவரும் கேட்பதில்லை; கேட்கவும் கூடாது.

நேரத்தைத் தவிர வேறெதையும் கேட்காத ஒரு பயணமும் உலகில் உண்டு. அதைப் பற்றித்தான் இம்மாதம் எழுதப் போகிறேன். பழைய வீடியோ கேம் ஒன்றைத் தொடக்கம் முதல் முடிவு வரை மிகக் குறைந்த நேரத்தில் ஆடி முடிக்கும் போட்டி அது. ஆங்கிலத்தில் 'ஸ்பீட்ரன்' என்கிறார்கள். நாம் விரைவோட்டம் என்று சொல்லிக் கொள்வோம். "இயற்பியல் ஆசிரியருக்கு விளையாட்டில் என்ன வேலை?" என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டால், கட்டுரையை முடிவு வரை படிக்கச் சொல்லுங்கள். அளவீடு என்றால் என்ன என்பதை, பள்ளி ஆய்வுக்கூடங்கள் பலவற்றைவிட இந்த விளையாட்டுக்காரர்கள் ஒழுங்காகப் புரிந்து வைத்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

ஆட்டத்தின் பெயர் சூப்பர் மேரியோ பிரதர்ஸ். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985 செப்டம்பர் 13 அன்று வெளியிட்டது. ஷிகெரு மியாமோட்டோ, தகாஷி டெஸுகா இருவரும் அதை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர்கள். தொப்பி போட்ட மீசைக்காரர் ஒருவர் இடமிருந்து வலமாக ஓடுவார், குழிகளைத் தாண்டுவார், செங்கல்லை முட்டுவார், இளவரசியை மீட்பார். அவ்வளவுதான் கதை. 1990-களில் நம் ஊர்களுக்கு வந்தவை பெரும்பாலும் அந்த நிறுவனத்தின் பெட்டிகள் அல்ல, அவற்றைப் பார்த்துச் செய்த நகல்கள். 'டி.வி. கேம்' என்று சொல்லித் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைப்போம். உள்ளே செருகும் அட்டையைக் 'கேசட்' என்போம். படம் வராவிட்டால் கேசட்டை எடுத்து ஊதி மறுபடி செருகுவோம். (ஊதியதால் பயன் இல்லை. கழற்றி மாட்டும்போது உலோக முனைகள் உரசிக்கொள்வதால்தான் படம் வந்தது. வாயிலிருந்து போகும் ஈரம் முனைகளுக்குக் கெடுதலே செய்தது.)

அந்த ஆட்டம் முழுவதும் 40 கிலோபைட் நினைவகத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் கைப்பேசி எடுக்கும் ஒரே ஒரு புகைப்படம் இதைப்போல் ஐம்பது மடங்காவது இருக்கும். இத்தனை சிறியதாக இருப்பதால் அந்த உலகத்தின் விதிகள் அனைத்தையும் மனிதர்கள் வரி வரியாகப் படித்து அறிந்துவிட்டார்கள். அந்த விதிகளில் சிலவற்றைப் பார்ப்போம்.

மேரியோவின் உலகில் காலம் ஆறுபோல ஓடுவதில்லை. படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்குகிறது. திரைக்கு வினாடிக்கு ஏறத்தாழ 60 தனித்தனிப் படங்கள் அனுப்பப்படுகின்றன. ஒரு படத்தைப் 'பிரேம்' என்கிறார்கள். ஒரு பிரேமுக்கும் அடுத்த பிரேமுக்கும் இடையே அந்த உலகில் எதுவுமே நடப்பதில்லை. காலத்தின் மிகச் சிறிய அலகு 1/60 வினாடி. இடமும் அப்படியே. திரையின் அகலம் 256 புள்ளிகள். முழு வேகத்தில் ஓடும் மேரியோ பிரேமுக்கு இரண்டரைப் புள்ளி நகர்கிறார். வினாடிக்கு 150 புள்ளி. அப்படியென்றால் திரையின் அகலத்தைக் கடக்க எவ்வளவு நேரம்? 256-ஐ 150-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1.7 வினாடி.

ஈர்ப்பு விசை? அங்கேதான் வேடிக்கை. மேரியோ மேலே எழும்பும்போது தாவும் பொத்தானை அழுத்தியபடியே இருந்தால் அவரைக் கீழே இழுக்கும் முடுக்கம் குறைவு. பொத்தானை விட்டுவிட்டால் முடுக்கம் அதிகம். நம் உலகில் ஒருவர் விரலைத் தூக்கியதும் g-யின் மதிப்பு மாறினால் எப்படியிருக்கும்! ஆனாலும் அது ஒழுங்கற்ற உலகம் அல்ல. விதி வேறு, அவ்வளவே. ஒரே செயலை ஒரே பிரேமில் செய்தால் ஒவ்வொரு முறையும் ஒரே விளைவு வரும். அப்படிப்பட்ட உலகில் சோதனை செய்யலாம்.

விரைவோட்டக்காரர்கள் செய்த முதல் சோதனை, வழியைக் குறுக்குவது. ஆட்டத்தில் மொத்தம் 32 கட்டங்கள். ஆக்கியவர்களே ஒளித்து வைத்த குறுக்குக் குழாய்கள் இருப்பதால் எட்டே கட்டங்களில் முடித்துவிடலாம். அந்த எட்டில் ஒன்றான 4-2 என்ற கட்டத்தில் நடப்பதைக் கேளுங்கள். முறைப்படி ஒரு கொடியைப் பிடித்து மேலே ஏறினால்தான் குறுக்கு வழி கிடைக்கும். கொடி வளர நேரம் பிடிக்கும். ஆனால் 'அடுத்து எங்கே செல்ல வேண்டும்' என்ற குறிப்பை ஆட்டம் நினைவகத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் எழுதி வைக்கிறது. திரை நகர நகர, பழைய குறிப்பை அழித்துப் புதியதை எழுதும். கொடிக்கு ஒரு குறிப்பு. சற்று வலப்புறம் உள்ள குழாய்க்கு வேறு குறிப்பு. திரை போதிய அளவு நகரும் முன்பே மேரியோ அந்தக் குழாய்க்குள் இறங்கிவிட்டால்? குழாயில் இறங்கியவர் கொடி காட்டும் இடத்துக்குப் போய்ச் சேருவார்! இதற்காகச் செங்கற்களில் பின்புறமாக மோதித் திரையில் தம் இடத்தைச் சில புள்ளிகள் வலப்பக்கம் தள்ளிக் கொள்கிறார் மேரியோ. இதைக் கண்டுபிடித்தவர்கள் சும்மா பொத்தானை அமுக்கிக் கொண்டிருந்தவர்கள் அல்லர். 'ஏன் இப்படி நடக்கிறது?' என்று கேட்டவர்கள்.

இதையும்விட எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. உங்கள் பள்ளியை நினைத்துக் கொள்ளுங்கள். கணக்கு வகுப்பில் கொடுத்த கணக்கை நீங்கள் பத்து நிமிடம் முன்னதாக முடிக்கிறீர்கள். உங்கள் நண்பன் மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது முடிக்கிறான். அடுத்த வகுப்பு இருவருக்கும் ஒரே நேரத்தில்தானே தொடங்குகிறது? மணி அடித்த பிறகு முடித்தவனுக்குத்தான் சங்கடம். மேரியோவின் ஆட்டத்திலும் இப்படி ஒரு மணி இருக்கிறது. 21 பிரேமுக்கு ஒரு முறை, அதாவது சுமார் 0.35 வினாடிக்கு ஒரு முறை அடிக்கிறது. ஒரு கட்டத்தை எந்தப் பிரேமில் முடித்தாலும், அடுத்த மணி வரை காத்திருந்துதான் அடுத்த கட்டம் வரும்.

ஏன் இந்த ஏற்பாடு? எட்டு பிட் எண்ணி 255 வரைதான் எண்ணும். பிரேம் பிரேமாக எண்ணினால் நாலேகால் வினாடியில் எண்ணி நிறைந்துவிடும். நட்சத்திரம் எடுத்த மேரியோவுக்கு எதிரிகள் தொட்டாலும் ஒன்றும் ஆகாத நிலை சுமார் 12 வினாடி நீடிக்கிறது. அதை எப்படி எண்ணுவது? 21 பிரேமுக்கு ஒரு முறை ஒன்று குறையும் இன்னொரு எண்ணி வைத்தார்கள். 35-லிருந்து தொடங்கிச் சுழி வரை. 35-ஐ 21-ஆல் பெருக்கினால் 735 பிரேம். கட்டம் முடிவதும் அதே வகை எண்ணியைச் சார்ந்திருப்பதால்தான் மேலே சொன்ன மணி.

இதன் விளைவு என்ன? ஒரு கட்டத்தில் நீங்கள் 20 பிரேம் மிச்சப்படுத்தினாலும் அது முந்தைய மணியைப் பிடிக்க உதவாவிட்டால் லாபம் சுழி. ஒரே ஒரு பிரேம் மிச்சப்படுத்தி முந்தைய மணியைப் பிடித்துவிட்டால் லாபம் 21 பிரேம்! கடைசிக் கட்டம் மட்டும் விலக்கு. அங்கே ஒவ்வொரு பிரேமும் கணக்கில் சேரும். அணுவின் ஆற்றல் மட்டங்களைப் படிக்கும்போது 'இடைப்பட்ட மதிப்பு இல்லை' என்று மனப்பாடம் செய்கிறீர்கள் அல்லவா? இங்கே அந்தச் சொற்றொடரை விரலால் தொட்டுப் பார்க்கலாம். (ஒப்புமையை அதற்கு மேல் இழுக்க வேண்டாம், மேரியோ எலக்ட்ரான் அல்ல.)

இந்தக் கணக்குகளை வைத்துக்கொண்டு மனிதர்கள் எதுவரை போயிருக்கிறார்கள்? நிஃப்ட்ஸ்கி என்ற புனைபெயர் கொண்ட ஆட்டக்காரர் 2021 ஏப்ரலில் 4 நிமிடம் 54.948 வினாடியில் ஆட்டத்தை முடித்தார். 4 நிமிடம் 55 வினாடிக்குள் முடித்த முதல் மனிதர் அவரே. 2023 செப்டம்பரில் அதை 4 நிமிடம் 54.631 வினாடியாகக் குறைத்தார். மனிதக் கையை நம்பாமல், எந்தப் பிரேமில் எந்தப் பொத்தான் என்று முன்கூட்டியே எழுதிக் கணிப்பொறியிடம் கொடுத்து ஆட வைக்கும் முறையும் இருக்கிறது. அதில் கிடைத்த நேரம் ஏறத்தாழ 4 நிமிடம் 54.26 வினாடி. வெப்ப இயக்கவியலில் கார்னோ இயந்திரம் என்று ஒன்றைப் படிப்பீர்கள். எவரும் கட்ட முடியாத, ஆனால் எந்த உண்மை இயந்திரமும் மிஞ்ச முடியாத எல்லையைக் காட்டும் இயந்திரம். விரைவோட்டக்காரர்களுக்குக் கணிப்பொறி ஓட்டம்தான் கார்னோ இயந்திரம். 2023-ல் மனிதருக்கும் அந்த எல்லைக்கும் இடையே இருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு மணி!

ஒரு பிரேமுக்கு உரிய செயலை மனிதர் எப்படிச் செய்கிறார் என்று நீங்கள் ஐயப்படலாம். நியாயமான ஐயம். நண்பனிடம் ஓர் அளவுகோலைச் செங்குத்தாகப் பிடிக்கச் சொல்லுங்கள்; அவன் விட்டதும் நீங்கள் விரல்களால் பிடியுங்கள். 20 சென்டிமீட்டர் விழுந்த பிறகு பிடித்தீர்கள் என்றால் நீங்கள் எடுத்துக்கொண்ட நேரம் 0.2 வினாடி. அது 12 பிரேம்! ஆகவே கண்ணால் பார்த்துப் பிறகு விரலை அசைப்பவர் ஒரு பிரேமைப் பிடிக்கவே முடியாது. தாளம்தான் வழி. தவில் வாசிப்பவர் அடுத்த அடியைக் கேட்டுவிட்டா கையை ஓங்குகிறார்? அடி எங்கே விழும் என்று அவர் கைக்கு முன்பே தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கல்லூரிக்கு முதலாண்டு வரும் மாணவர்களுக்கு நாங்கள் தனி ஊசல் சோதனை கொடுப்பது வழக்கம். நூலில் ஒரு குண்டைத் தொங்கவிட்டு, 20 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தை அளந்து, அதிலிருந்து g-யைக் கணக்கிட வேண்டும். ஒரு மேசையில் 9.8 வருகிறது. அடுத்த மேசையிலும் 9.8. நூல் அறுந்துபோய் இருமுறை முடிச்சுப் போட்ட மேசையிலும் 9.8! எப்படி என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். விடையை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி நடந்து, 'அளந்த' நேரங்களை நிரப்பியிருப்பார்கள். மாணவர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. அளவீட்டுக்கு அல்லாமல் விடைக்கு மதிப்பெண் என்ற நிலை இருக்கும்வரை இது நடக்கும். ஆனால் இதில் இழப்பு யாருக்கு? 9.6 என்று வந்திருந்தால், நூலின் நீளத்தைக் குண்டின் மையம் வரை அளந்தோமா, விளிம்பு வரை அளந்தோமா என்று யோசித்திருப்பான். அந்த யோசனைதான் இயற்பியல். அதை அழித்துவிட்டு 9.8 என்று எழுதுகிறவன் சோதனையையே செய்யவில்லை.

விரைவோட்டக்காரர்களிடம் இந்த வித்தை செல்லாது. சாதனை என்று சொல்லிக்கொள்ள வேண்டுமானால் ஓட்டத்தைப் படமாகப் பதிவு செய்து காட்ட வேண்டும். முன்பின் அறியாதவர்கள் அதைப் பிரேம் பிரேமாக எண்ணிச் சரிபார்ப்பார்கள். அவர்களிடையே நடந்த ஒரு வழக்கு என் மாணவர் அனைவரும் அறிய வேண்டியது.

ஆக்டிவிஷன் நிறுவனத்துக்காக டேவிட் கிரேன் ஆக்கி 1980-ல் வெளிவந்த டிராக்ஸ்டர் என்ற கார்ப் பந்தய ஆட்டத்தில், 1982-ல் 5.51 வினாடி என்ற சாதனை டாட் ராஜர்ஸ் என்ற அமெரிக்கர் பெயரில் பதிவாயிற்று. கின்னஸ் புத்தகமும் ஏற்றுக்கொண்டது. முப்பத்தைந்து ஆண்டு அதை எவராலும் எட்ட முடியவில்லை. 2017-ல் எரிக் கோஸீல் என்ற பொறியாளர் அந்த ஆட்டத்தின் நிரலைப் பிரித்துப் படித்து, கார் எப்படி வேகமெடுக்கிறது என்பதைக் கணக்கு அட்டவணையாக மாற்றி, வழிகளைச் சோதித்துப் பார்த்தார். கிடைத்த மிகக் குறைந்த நேரம் 5.57 வினாடி. அதற்குக் கீழே வழியே இல்லை! வித்தியாசம் 0.06 வினாடி, கண் இமைக்கும் நேரத்திலும் குறைவு. தாம் அதைச் செய்தது உண்மை என்றே ராஜர்ஸ் சொன்னார். ஆயினும் 2018 ஜனவரியில் சாதனைகளைப் பதிவு செய்யும் ட்வின் கேலக்சிஸ் அமைப்பு அதை நீக்கியது, கின்னஸும் நீக்கியது.

எவரையும் பழிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. தீர்ப்பு எதைக் கொண்டு வந்தது என்று கவனியுங்கள். பெயரையும் புகழையும் கின்னஸ் சான்றிதழையும் ஒரு தட்டில் வைத்தார்கள். எவரும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய ஒரு கணக்கை இன்னொரு தட்டில் வைத்தார்கள். கணக்கு வைத்த தட்டே தாழ்ந்தது.

"அப்படியானால் படிப்பை விட்டுவிட்டு மேரியோ ஆடலாமா, ஐயா?" என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. வேண்டாம். ஐந்து நிமிட ஓட்டத்தில் ஒரு பிரேமைக் குறைக்க ஆயிரக்கணக்கான முறை ஆடுகிறார்கள்; அது அவர்கள் விருப்பம், உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மேலும் இயற்கை இந்த ஆட்டத்தைப் போன்றதல்ல. மேரியோவின் விதிகளை எழுதியவர்கள் மனிதர்கள். அதன் நிரலைத் திறந்து படிக்கலாம். ஊசலுக்குப் பின்னால் அப்படி ஒரு நிரலை எவரும் திறந்து காட்டுவதில்லை. அளந்து அளந்துதான் அறிய வேண்டும். ஆகவே நேர்மையாக அளக்க வேண்டிய தேவை அவர்களைவிட நமக்கே அதிகம்.

ஆடாமலே ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று சொல்கிறேன். உங்கள் வீட்டுப் பரணிலோ உறவினர் வீட்டிலோ பழைய டி.வி. கேம் பெட்டி இருக்கலாம். மேரியோ ஆட்டத்தின் திரையில், மேலே வலப்பக்கம் 400 என்று தொடங்கிக் குறைந்துகொண்டே வரும் ஓர் எண் தெரியும். அதை வினாடி என்று பலர் நினைக்கிறார்கள். அது 24 பிரேமுக்கு ஒன்று குறைகிறது. வினாடிக்கு 60 பிரேம் என்றால் 100 எண் குறைய 40 வினாடி ஆகும். ஆனால் நம் நாட்டில் இருந்த பழைய தொலைக்காட்சி முறை வினாடிக்கு 50 படங்களுக்கு உரியது. அதற்கேற்ப ஆக்கப்பட்ட பெட்டியில் அதே ஆட்டம் மெதுவாக ஓடும். இசையின் நடையும் தளரும். அப்போது 100 எண்ணுக்கு 48 வினாடி. ஆகவே நிறுத்து கடிகாரம் ஒன்றை வைத்துக்கொண்டு உங்கள் பெட்டி 50-ஆ 60-ஆ என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்.

மேரியோவை அசையாமல் நிறுத்தி வையுங்கள். எதிரி வந்து தொடாத இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். எண் 350 ஆகும்போது கடிகாரத்தைத் தொடங்கி 250-ல் நிறுத்துங்கள். 10 எண்ணுக்கு மட்டும் அளந்தால் போதாதா? விரல் 0.2 வினாடி பிசகினால் 4 வினாடியில் அது நூற்றுக்கு 5 பங்கு. 40 வினாடியில் நூற்றுக்கு அரைப் பங்கு. ஊசலில் ஓர் அலைவை விட்டு 20 அலைவுகளை அளக்கச் சொல்வதும் இதற்காகத்தான். ஒரு மீட்டர் ஊசலின் 20 அலைவுக்கும் 40 வினாடிதான் ஆகும் என்பது தற்செயலான ஒற்றுமை.

ஐந்து முறை அளந்து ஐந்தையும் எழுதுங்கள். சில நகல் கேசட்டுகளில் ஆட்டத்தையே திருத்தி வைத்திருப்பார்கள்; அதனால் 40-ம் 48-ம் அல்லாத ஓர் எண்ணும் வரலாம். 43 வந்தால் 43 என்றே எழுதுங்கள். பிறகு வேறொரு கேசட்டைப் போட்டு, அதே பெட்டியில் மறுபடி அளந்து பாருங்கள். பெட்டியின் மேல் உள்ள பெயர், கேசட்டின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டு, தொலைக்காட்சிப் பெட்டி பழைய கண்ணாடிக் குழாய் வகையா தட்டை வகையா என்பது, அளந்தவர் யார், எண்ணைப் பார்த்துக் குரல் கொடுத்தவர் யார் — இவற்றையும் அளவீடுகளின் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். அடித்தல் திருத்தல் இருந்தால் இருக்கட்டும்.